பசிலியார் தாடி

ஹேசல் கொம்பை அடுப்பனலில் வாட்டி,
முழங்காலுக்கும் மேசைக்கும் நடுவே இறுக்கி,
கத்தியை மேல்நோக்கி இழுக்கிறேன்.
இழை எழும், சுருளும்,
கொம்பின் கழுத்துக்கு வந்ததும்
கை நிற்க வேண்டும்.
மயிரிழை கூடினால் அறுந்துவிடும்.
அந்த நிற்குமிடத்தில்தான் சொல்வேன்:
ஆண்டவரே, இரக்கமாயிரும்.

ஒரு கொம்புக்கு இருநூறு சுருள்.
சிச்சிலாக்கி என்று பெயர்,
வெள்ளைவெளேரென்று தொங்குவதால்
புனித பசிலியாரின் தாடி என்றும் சொல்வார்கள்.
நாற்பது கொம்பு ஒசுர்கெத்தி சந்தைக்கு.
கணக்குப் பார்த்தால்
எண்ணாயிரம் முறை இரக்கம் கேட்டிருக்கிறேன்.
எட்டு முறையாவது
மனசு அதில் இருந்திருக்கும்.

மீதி நேரமெல்லாம் வர்லாம் மேல்தான்.
மூன்று வருஷமாய் நான் பார்த்துவைத்த
நேர்க்கொம்பு ஒன்றை
வேலியோரத்து என் ஹேசலிலிருந்து
டிசம்பர் பாதியில் வெட்டிக்கொண்டு போனான்.
கேட்டால், வேலியே தன்னுடையதாம்.
அவன் அப்பன் காலத்திலிருந்து அந்த வேலி
இரண்டடி எங்கள் பக்கம் நடந்து வந்திருக்கிறது,
கால் இல்லாமலே.

வருஷத்தின் முதல் காலடிக்கு
ராசிக்காரப் பையன் உச்சாவிடம் சொல்லிவைத்திருந்தோம்.
இரவெல்லாம் பனி. பள்ளத்துப் பாதை மூடிப்போச்சு.
விடியலில் கதவு தட்டும் சத்தம்.
திறந்தால் வர்லாம்,
கையில் ஒரு சிச்சிலாக்கியோடு.

நிலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரை அவன் வர்லாம்.
தாண்டிவிட்டால் விருந்தாளி,
விருந்தாளி என்றால் கடவுள் அனுப்பியவர்.
ஒரு மரச்சட்டத்தின் அகலம்தான்
நான் யோசிக்க இருந்த நேரம்.
"உள்ளே வா, குளிர் ஏறுது" என்றது
என் வாய், என்னைக் கேட்காமல்.

மிட்டாயைத் தரையில் இறைத்தான்.
வாழ்த்தில் பாதியை மறந்து
மீதியை இருமலில் சொன்னான்.
மாமியா அவனுக்கு ஒயின் ஊற்றும்போதுதான்
மேசையில் வைத்ததைப் பார்த்தேன்.
என் ஹேசல். அந்தக் கணு எனக்குத் தெரியாதா?
ஆனால் சுருள்களில் பாதிக்குமேல் அறுந்தவை.
அறுந்த ஒவ்வொன்றையும் பொறுக்கி
சிவப்பு நூலால் கொம்போடு கட்டியிருந்தான்.
சுப்சா ஆற்றில் வலை போட்டவனின் முடிச்சு.

அந்த வீட்டில் ஜாபுலிதான் செதுக்குவாள்.
ஆப்பிள் பறிக்கும் மாதத்தில்
கோவில் மேட்டில் அவளைப் புதைத்தோம்.
நானும் மண் போட்டேன்,
அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல்.

ஏழாம் தேதி கிறிஸ்து பிறந்தார்.
குரியாவில் அன்றைக்கு ஆளுக்கொரு பிறை:
மாவுக்குள் பாலாடைக்கட்டி, அவித்த முட்டை.
வீட்டில் நாலு பேர்.
மாவு பிசைந்த கை ஐந்தாவதையும் மடித்துவைத்தது.
மகன் அதைத் துணியில் சுற்றி
வேலிக்கு மேலே நீட்டினான்.
துணி திரும்பி வந்தது,
மூலையில் ஏழு வால்நட்டைக் கட்டிக்கொண்டு.
முடிச்சை அவிழ்க்க எனக்கு
கால்மணி நேரமாச்சு.

பதினெட்டாம் தேதி மாலை,
ஞானஸ்நானத் திருநாளுக்கு முந்தின பொழுது,
சிச்சிலாக்கியை எரிக்க வேண்டும்.
வருஷத்துத் துக்கமெல்லாம் புகையோடு போகுமாம்.
என்னுடையவை நாற்பதும் விற்றுத் தீர்ந்தன.
வீட்டில் நின்றது அவனுடையது ஒன்றுதான்.

அவனையும் கூப்பிட்டோம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.
தீ முதலில் சுருள்களைப் பிடித்தது.
கண நேரம் அது தாடிதான்,
எவரோ உள்ளே சிரிக்கிற தாடி.
நூல் கடைசியில் எரிந்தது.
ஒரு முடிச்சு மட்டும் கறுத்துப்போய்
கட்ட ஒன்றுமில்லாதபோதும்
கட்டிக்கொண்டே நின்றது.
ஆண்டவரே என்றேன்.
மீதி வார்த்தை தொண்டையிலேயே இருந்தது.
அவன் சொன்னான் அதை.

மார்ச்சில் பனி உருகும்.
வேலியை இரண்டடி தள்ளித்தான் நட வேண்டும்.
அதை அவனிடம் சொல்லத்தான் போகிறேன்,
சாப்பிடவைத்த பிறகு.